ஒரு சிறிய திருத்தம்

"ஒரு சின்னத் திருத்தந்தான் தம்பி, உங்கட கைக்கு இது அஞ்சு நிமிச வேலை."

இந்த வாக்கியத்தை எமது தொழில் வாழ்க்கையில் நாம் எத்தனை முறை கேட்டிருப்போம் என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல இயலாது. ஆயின், ஒரேயொரு வேலையின்போது அதனை எத்தனை முறை கேட்டோம் என்பதை மாத்திரம் திட்டமாகக் கூறமுடியும். 23 முறை. அந்தக் கணக்கை வைத்திருந்தவர்கள் நாமல்லர். எம்மிடம் வேலை பார்த்த ஓர் இளம் பெண்ணே அதனை வைத்திருந்தார். அவருடைய கொப்பியைப் பற்றிக் கூறுவதற்காகவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

2013ஆம் ஆண்டில், கொட்டாஞ்சேனையில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில், நாம் மூவர் சேர்ந்து ஒரு வடிவமைப்புக் கூடத்தைத் தொடங்கினோம். எம்மில் ஒருவர் ஓவியம் பயின்றவர். ஒருவர் அச்சகத்தில் பக்கம் அமைத்துப் பழகியவர். மற்றவர் ஆசிரியத் தொழிலை விட்டு வந்தவர். நூல்களுக்கு அட்டை, ரியூட்டரிகளுக்குச் சுவரொட்டி, கடைகளுக்கு இலச்சினை, பாடசாலைகளுக்கு ஆண்டு மலர், தொண்டு நிறுவனங்களுக்கு மும்மொழி அறிக்கை என்று வந்த வேலைகளையெல்லாம் செய்தோம். மூவரும் மே தின ஊர்வலங்களில் நடந்தவர்கள். ஊர்வலப் பதாகைகளைக் கூலியின்றி எழுதிக் கொடுத்தவர்கள். முதலாளி என்ற சொல் எம்மையும் குறிக்கக்கூடும் என்று நாம் கனவிலும் கருதியதில்லை.

அந்தப் பெண் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். தாயார் கொழுந்து பறிப்பவர். கணினியிலே பக்கம் அமைக்கும் பயிற்சியை முடித்துக்கொண்டு எம்மிடம் வந்து சேர்ந்தார். நாம் கொடுத்த மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை அறை வாடகைக்குக் கொடுத்து, மிகுதியை ஊருக்கு அனுப்பி வந்தார். எமது கூடத்தின் தமிழ்ப் பக்கங்கள் பிழையின்றி வெளிவந்தனவென்றால் அதற்கு அவருடைய கண்களே பெரிதும் காரணம்.

2018ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு நிறுவனம் எம்மை அழைத்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் 48 பக்கங்களில் ஓர் அறிக்கை. தொகை எமக்குப் பெரிதாகவே இருந்தது. முதற் சந்திப்பு ஒரு மணித்தியாலம் நீடித்தது. அந்த ஒரு மணித்தியாலத்தில், பின்னர் நிகழவிருந்த அனைத்தும் எமக்கு முன்னறிவிக்கப்பட்டன என்றே சொல்லவேண்டும். கேட்பதற்குக் காதுகள் இருந்தன. ஒப்புக்கொள்வதற்கு மனம் இருக்கவில்லை. வாடகை இரண்டு மாத நிலுவையில் இருந்ததே அதற்குக் காரணம்.

அன்று அந்த அதிகாரி முதலில் கூறியது, தமக்கு முன்பு வேலை செய்த வடிவமைப்பாளர்கள் மூவரும் சோம்பேறிகள் என்பது. அடுத்துக் கூறியது, வேலை மிக அவசரமானது என்பது. எழுத்துப் பிரதி எங்கே என்று வினாவினோம். அது இன்னும் எழுதப்படவில்லை என்றார். முடிவு கூறுபவர் யார் என்று வினாவினோம். "எல்லாருமாப் பார்ப்பம்" என்றார். முற்பணம் என்ற சொல்லை எடுத்ததும் அவருடைய முகம் மாறியது. "நாங்கள் என்ன ஓடியா போகப்போறம்? இது நல்லா வந்தால் வருசம் முழுக்க வேலை இருக்கு." கடைசியாக, தமிழ்ப் பகுதியைப் பற்றிக் கேட்டபோது, "அதைக் கடைசியிலே கணினியில் மொழிபெயர்த்துப் போட்டுக்கொள்ளலாம், இடம் காணாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குங்கள்" என்றார்.

நாம் புன்னகையோடு கைகுலுக்கி விடைபெற்றோம்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரித்துக் கூறவேண்டியதில்லை. ஆங்கிலப் பிரதி பகுதி பகுதியாக வந்தது. தமிழ்ப் பிரதியில் பாதி யூனிக்கோட்டிலும் பாதி பழைய பாமினி எழுத்துருவிலும் வந்தது. மாற்றும்போது எழுத்துகள் இடம் பெயர்ந்து, ஒவ்வொரு வரியையும் மீண்டும் கண்கொண்டு பார்க்கவேண்டியதாயிற்று. பணிப்பாளர் நீலம் என்றார். திட்ட அலுவலர் பச்சை என்றார். கொடையாளரின் பிரதிநிதி இரண்டையும் நீக்கச் சொன்னார். இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் குரற் செய்திகள் வந்தன. ஒவ்வொன்றும் சிறிய திருத்தம். 2018ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு முதல் நாள், ஊருக்குப் போவதற்காகப் பையோடு வேலைக்கு வந்த அந்தப் பெண், இருபத்திமூன்றாவது திருத்தத்திற்காக இரவு முழுவதும் கணினியின் முன்னால் இருந்தார். "வேண்டாம், நீ போ" என்று சொல்லும் உரிமையும் கடமையும் எமக்கிருந்தன. நாம் சொல்லவில்லை. வாடிக்கையாளர் கோபிப்பார் என்று அஞ்சினோம்.

மார்கழியில் அவர் வேலையை விட்டு நின்றார். சண்டை எதுவும் இல்லை. மேசையைத் துப்புரவு செய்தபோது கொப்பி ஒன்று அகப்பட்டது. அந்த அறிக்கைக்காகச் செலவான ஒவ்வொரு மணித்தியாலமும், ஒவ்வொரு திருத்தமும், அதனைக் கேட்டவர் யார் என்பதும் நாள்வாரியாகக் குறிக்கப்பட்டிருந்தன. எம்மைக் குற்றஞ்சாட்டுவதற்காக எழுதிய கணக்கல்ல அது. அவருடைய தாயார், நாளாந்தம் தாம் பறித்த கொழுந்தின் நிறையைத் தாமும் ஒரு கொப்பியில் குறித்து வைப்பவர். தராசடியில் கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோக்கள் கழிக்கப்படும் இடத்தில், தொழிலாளிக்குத் தன் கணக்கைத் தவிர வேறு சாட்சியில்லை. அந்தப் பழக்கமே மகளுக்கும் வந்திருந்தது.

கூட்டிப் பார்த்தோம். மொத்தம் 118 மணித்தியாலங்கள். எமது விலைக்கூற்று 40 மணித்தியாலங்களுக்கே போடப்பட்டிருந்தது. மீதி 78 மணித்தியாலங்களுக்கு விலை கொடுத்தவர் யார்? வாடிக்கையாளர் கொடுக்கவில்லை. நாம் கொடுத்தோம் என்று அதுவரை நம்பியிருந்தோம். நண்பர்களிடம் அவ்வாறே கூறி அனுதாபமும் பெற்றிருந்தோம். கொப்பி வேறு கதை சொல்லியது. அந்த மணித்தியாலங்களுள் பெரும்பகுதி அந்தப் பெண்ணுடையவை. அவருடைய சம்பளமோ ஒரு சதமேனும் கூடவில்லை. எம்மீது சுமத்தப்பட்ட சுமையை நாம் எமக்குக் கீழே இருந்தவரின் தோளுக்கு மாற்றியிருந்தோம். மேலிருப்பவரிடம் "முடியாது" என்று சொல்லத் துணியாதவன், கீழிருப்பவரிடம் "இரு" என்று சொல்வான். இது ஒருவருடைய குணத்தின் குறை மாத்திரமன்று. கூலியும் காலமும் எழுத்தில் வரையறுக்கப்படாத எல்லாத் தொழில்களிலும் நிகழும் இயல்பான விளைவு.

ஆகவே, அபாய அறிகுறிகளை அறிந்துகொள்வதும் எல்லை வகுப்பதும் வெறும் வியாபாரத் தந்திரமென்று எவரும் கருதலாகாது. அதில் ஒரு சிறிய அளவு நீதிப் பிரச்சினையும் உண்டு.

அறிகுறிகளைச் சற்று ஆராய்வோம். முன்னிருந்தவர்கள் அனைவரையும் தூற்றுபவர், நாளை எம்மையும் அப்பட்டியலில் சேர்ப்பார். அவர்களுள் ஒருவராவது நியாயமான காரணத்துக்காக விலகியிருத்தல் கூடும் என்று அன்றே நாம் விசாரித்திருக்கவேண்டும். அவசரம் என்பது வேறு, ஆயத்தமின்மை என்பது வேறு. எழுத்துப் பிரதி கையிலிருக்க, அச்சகத்தில் நாள் குறித்திருக்க, விரைவாகச் செய்துதரும்படி கேட்பவர் அவசரக்காரர்; அவருக்கு உதவலாம். பிரதியே இல்லாமல் நாளைக்கு வேண்டுமென்பவர், தமது காலதாமதத்தை எமது நித்திரையினால் ஈடுசெய்ய விரும்புபவர். முடிவு கூறுபவர் இன்னாரென்று தெரியாத இடத்தில், ஒருவர் இட்ட கட்டளையை மற்றவர் அழிப்பார். இரண்டுக்கும் உழைப்பவர் ஒருவரே. வருங்கால வேலைகளைக் காட்டி இன்றைய விலையைக் குறைப்பவர், அந்த வருங்காலத்தை எழுதிக் கையொப்பமிட்டுத் தரமாட்டார்.

தமிழைப் பற்றி அவர் கூறியது எல்லாவற்றிலும் கசப்பானது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாயிற்று. ஆயினும், பெயர்ப்பலகைகளிலும் அறிக்கைகளிலும் அது இன்றும் கடைசியில், சிறிதாக, பிழையோடு வந்து நிற்பதைக் காண்கிறோம். அதற்கு வடிவமைப்பாளர் பொறுப்பல்லர் என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால், மூன்று மொழிகளுக்கும் சமமான இடம் வகுத்துக் கொடுப்பது எமது கையில் இருக்கும் வேலை. ஒரு மொழியை ஒட்டுத்துணியாக எண்ணுபவர், அம்மொழியைப் பிழையறத் திருத்தும் தொழிலாளியின் நேரத்தையும் அவ்வாறே எண்ணுவார் என்பதை அனுபவத்தில் கண்டோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விலையைக் குறைக்கும்படி கேட்பது மாத்திரம் அபாய அறிகுறியன்று. தையற் கடை தொடங்கிய ஒரு விதவைத் தாய், பெயர்ப்பலகைக்கான தொகையை மூன்று தவணைகளில் தரலாமா என்று கூசிக்கூசிக் கேட்டார். குறித்த நாட்களில் மூன்று தவணைகளையும் கொண்டுவந்து தந்தார். ஒரே திருத்தந்தான் கேட்டார், அதுவும் நியாயமானது. அறிக்கை செய்வித்த நிறுவனமோ, குளிரூட்டிய மண்டபத்தில் வெளியீட்டு விழா நடத்திய பின்னர், எமக்குரிய மீதிப் பணத்தை ஏழு மாதங்கள் இழுத்தடித்தது. இல்லாதவரின் தயக்கத்தையும் இருப்பவரின் இழுத்தடிப்பையும் ஒன்றாகக் காண்பவன், எல்லையைத் தவறான இடத்தில் போடுவான்.

இத்தொழிலின் வரலாற்றிலும் இவற்றுக்கு முன்னுதாரணங்கள் உண்டு. 1971ஆம் ஆண்டில், அமெரிக்காவில் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி, மணிக்கு 2 டொலர் என்ற கணக்கில், 35 டொலருக்கு ஒரு காலணிக் கம்பனிக்கு இலச்சினை வரைந்து கொடுத்தார். அதுவே இன்று உலகெங்கும் அறியப்பட்ட நைக் நிறுவனத்தின் குறி. 1983இல் அக்கம்பனி அவருக்குப் பங்குகள் வழங்கியது. அது நன்றியுணர்வின் பேரில் கிடைத்தது. உரிமையின் பேரில் அன்று. இதற்கு மறுபுறத்தில், 1986இல் ஸ்டீவ் ஜொப்ஸ் தமது நெக்ஸ்ட் நிறுவனத்துக்குப் பல மாதிரிகள் கேட்டபோது, போல் ராண்ட் என்ற முதுபெரும் வடிவமைப்பாளர் அதற்கு உடன்படவில்லை. ஒரே தீர்வைத் தருவேன், அதற்குரிய பணத்தைத் தரவேண்டும், பயன்படுத்துவதும் விடுவதும் உமது விருப்பம் என்பதே அவருடைய நிலைப்பாடு. ஒரு லட்சம் டொலர் பெற்றார். ஆனால், ராண்டின் துணிவு அவருடைய புகழின்மேல் நின்றது. புகழில்லாத மாணவி எதன்மேல் நிற்பது?

1964ஆம் ஆண்டு ஜனவரியில், இலண்டனில் கென் கார்லண்ட் என்பவர் வெளியிட்ட அறிக்கையொன்றில் 22 பேர் கையொப்பமிட்டிருந்தனர். அற்பப் பண்டங்களை விற்பதற்காக வடிவமைப்பாளரின் திறமை வீணாகிறது. அது நூல்களுக்கும் கல்விச் சாதனங்களுக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் திரும்பவேண்டும் என்பது அதன் சாரம். எந்த வேலைக்கு எமது கையைக் கொடுப்பது என்பதும் ஓர் எல்லைதான் என்பதை அவ்வறிக்கை எமக்கு உணர்த்தியது. வெண்மை தரும் களிம்புக்குச் சுவரொட்டி செய்ய மறுத்தபோது அதனை நாம் நினைத்துக்கொண்டோம்.

நிற்க. மிகக் கடினமான வாடிக்கையாளர் யார் என்று எம்மைக் கேட்டால், மேற்கூறிய அதிகாரி என்று சொல்லமாட்டோம். எமது சொந்த நண்பர்களே கடினமானவர்கள். கவிதைத் தொகுதி வெளியிடும் தோழர், ஆண்டு மலர் தயாரிக்கும் ஆசிரியர், பழைய மாணவர் சங்கச் செயலாளர் ஆகியோர் விலையைக் கேட்பதில்லை. கேட்பதே உறவுக்கு இழுக்கு என்று எண்ணுகிறார்கள். காகித வியாபாரிக்கு ரொக்கம் கொடுக்கிறார்கள். அச்சகத்துக்கு முற்பணம் கொடுக்கிறார்கள். மண்டபத்துக்கும் மாலைக்கும் சிற்றுண்டிக்கும் கொடுக்கிறார்கள். வடிவமைப்புக்கு மாத்திரம், "இது ஒரு சேவைதானே" என்கிறார்கள். உழைப்பின் மதிப்பைப் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசுபவர், கணினியின் முன் செலவாகும் நேரத்தை உழைப்பாகக் கருதாதது விந்தையே. கூலியின்றிச் செய்வதற்கு நாம் எதிரானவர்கள் அல்லர். ஆனால், கொடையென்பது கொடுப்பவர் தீர்மானிக்க வேண்டியது. மேலும், எமது நேரத்தைக் கொடையாகத் தர எமக்கு உரிமையுண்டு. எம்மிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவரின் இரவைக் கொடையாகத் தர எமக்கு உரிமையில்லை.

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூவரும் அமர்ந்து ஒரு பக்க ஒப்பந்தம் ஒன்றை எழுதினோம். பாதித் தொகை வந்த பின்னரே வேலை தொடங்கும். எழுத்துப் பிரதி மூன்று மொழிகளிலும் முழுமையாக, பிழை திருத்தி, யூனிக்கோட்டில் வரவேண்டும். வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் மாத்திரமே எம்முடன் பேசுவார். அவருடைய கையொப்பமே முடிவு. மூன்று சுற்றுத் திருத்தங்கள் விலையுள் அடங்கும். அதன் பின்னர் மணித்தியாலத்துக்கு இவ்வளவு. மாலை ஏழு மணிக்குப் பின் வரும் செய்திகளுக்கு மறுநாட் காலையில் பதில். மாதிரி இலவசமில்லை.

உரிமை பற்றியும் ஒரு வரி சேர்த்தோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாதவிடத்து, ஆணையிட்டுச் செய்விக்கப்பட்ட ஆக்கத்தின் பொருளாதார உரிமைகள் அதனைச் செய்வித்தவருக்கே முதலில் உரியவை. எழுத்தில் இல்லாவிட்டால், பணம் தராதவரும் உரிமையாளராகிவிடலாம். ஆகவே, முழுத் தொகையும் செலுத்திய பின்னரே உரிமை கைமாறும் என்று எழுதினோம். 2022ஆம் ஆண்டு இன்னொரு வரியைக் கற்பித்தது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த பெறுமதி மே மாதமளவில் 360 ஆயிற்று. காகிதம் இல்லாமையால் மேல்மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அச்சுச் செலவையும் சேர்த்து முன்னரே விலை சொல்லியிருந்த மூன்று வேலைகளில் நாம் கைப்பணம் இழந்தோம். அன்றிலிருந்து எமது விலைக்கூற்று 14 நாட்களுக்கு மாத்திரமே செல்லுபடியாகும்.

விளைவு என்ன? முதலாண்டில் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் எம்மைவிட்டுப் போயினர். வாடகை மீண்டும் நிலுவையாயிற்று. "நீங்களும் வியாபாரிகளாகிவிட்டீர்கள்" என்று நெடுநாள் நண்பரொருவர் முகத்துக்கு நேரே கூறினார், அது தைத்தது. போனவர்களுள் சிலர் திரும்பி வந்தனர், சிலர் வரவில்லை. கையெழுத்திட்டவர்களுடன் பெரும்பாலும் பிணக்கு ஏற்படவில்லை. எங்கே நிற்பது என்று தெரிந்ததும் அவர்களும் ஆறுதலடைந்ததைக் கண்டோம்.

எனினும், ஒரு கூடத்தின் எல்லைக்கோடு மிகவும் மெல்லியது. நாம் மறுத்த வேலை, அடுத்த தெருவில், இன்னொரு இளைஞனிடம், இன்னும் குறைந்த விலைக்குப் போகிறது. இதனை உணர்ந்து, அயலிலுள்ள ஐந்து கூடத்தினரைத் தேநீருக்கு அழைத்து, இலவச மாதிரி செய்வதில்லை என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். இரண்டு கூடங்கள் ஆறு மாதத்துள் அதனை மீறின; அவர்களுடைய வாடகையும் நிலுவையில் இருந்தது. அவர்களை நாம் பழிக்கவில்லை. நியூயோர்க் நகரில் 2017 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, 800 டொலரும் அதற்கு மேலும் பெறுமதியுள்ள சுயாதீன வேலைக்கு எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. வேறு நாள் குறிக்கப்படாவிட்டால், வேலை முடிந்து 30 நாட்களுக்குள் பணம் கொடுக்கவேண்டும். தவறினால் இருமடங்கு நட்டஈடு கோரலாம். 2024இல் அம்மாநிலம் முழுவதற்கும் அத்தகைய சட்டம் வந்தது. அது எவருடைய கருணையினாலும் கிடைத்ததன்று; சுயாதீனத் தொழிலாளர்கள் அணிதிரண்டு கேட்டதனால் கிடைத்தது. தனிமனிதரின் துணிவை நம்பியிருக்கும் எல்லை நெடுநாள் நிற்காது.

கொப்பிக்குத் திரும்புவோம். நிறுவனத்தின் மீதிப் பணம் வந்ததும், அந்தப் பெண்ணின் மேலதிக மணித்தியாலங்களைக் கணக்கிட்டு, உரிய தொகையை அவருடைய வங்கிக் கணக்கில் இட்டுவிட்டுத் தொலைபேசியில் அழைத்தோம். நன்றி கூறுவார் என்று எதிர்பார்த்தோம் போலும். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அண்ணே, இன்னொரு கொப்பியும் இருக்குங்க" என்றார். அதனையும் அனுப்பச் சொன்னோம். அக்கணக்கைத் தீர்க்க எமக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது. இப்போது எமது கூடத்தில் வேலை செய்யும் இருவரும் தத்தமக்கென ஒவ்வொரு கொப்பி வைத்திருக்கிறார்கள். மாத முடிவில் அதனைப் பார்த்தே சம்பளம் எழுதுகிறோம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, உங்கள் பாடசாலை மலரை எடுத்துக்கொண்டு எங்காவது ஒரு மேல்மாடிக்கு நீங்கள் படியேறும் நாள் வரும். பிரதியைப் பிழை திருத்திக் கொண்டு செல்லுங்கள். பேசுவதற்கு ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். பாதித் தொகையை முதலில் கொடுங்கள். கடைசி நேரத்தில் ஒரு சிறிய திருத்தம் தோன்றினால், கேட்பதற்கு முன்னர் மணி என்னவென்று பாருங்கள்; அந்த நேரத்தில் ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்காக அங்கே ஒருவர் பையைத் தூக்கி வைத்துக் காத்திருக்கக்கூடும்.